மாடியறையும் வழிப்போக்கரும்

சேலம் பழைய பேருந்து நிலையத்தருகே காலைச் சிற்றுண்டியை முடித்துக்கொண்டு நாமக்கல் பேருந்தில் ஏறியபோது மணி எட்டைக் கடந்திருந்தது. கொண்டலாம்பட்டியைத் தாண்டி மல்லூரை நெருங்கும்வரை ஊரின் இரைச்சல் கூடவே வருகிறது. அதன்பின் சமவெளி விரிகிறது. வடக்கே சேர்வராயன் மலை மெல்ல மெல்ல நீலமாகிப் பின்னடைய, இருமருங்கும் மரவள்ளித் தோட்டங்களும் நிலக்கடலைக் காடுகளும் இடையிடையே கோழிப்பண்ணைகளின் நீண்ட கூரைகளும் தென்படுகின்றன. காற்று இந்தப் பக்கம் வீசினால் ஜவ்வரிசி ஆலைகளின் புளித்த வாடையும் வரும். இந்த வட்டாரத்தில் பிறந்தவர்களுக்கு அது வாடையாகவே தோன்றாது.

எத்தனையோ முறை சென்று வந்த சாலைதான். எனினும் இம்முறை நான் ஒன்றையே கவனித்துக்கொண்டு வந்தேன். ஆண்டகளூர் கேட்டிலும், புதுச்சத்திரத்திலும், நாமக்கல்லின் புறநகரிலும் வீட்டு முகப்புகளில் தொங்கிய பலகைகளே அவை. முன்பெல்லாம் 'வீடு வாடகைக்கு விடப்படும்' என்றே எழுதியிருப்பார்கள். இப்போது 'அறைகள் நாள் வாடகைக்கு' என்றும், 'குடும்பத்துடன் தங்க வசதி உண்டு' என்றும் பார்க்க முடிகிறது. புதுச்சத்திரம் என்ற ஊர்ப்பெயரே வழிப்போக்கர் தங்கிச் செல்லும் சத்திரத்தை நினைவூட்டுவதுதானே! தெருத்திண்ணையில் முன்பின் தெரியாதவன் படுத்துறங்கிவிட்டு விடிந்ததும் ஒரு செம்பு நீராகாரம் குடித்துவிட்டுப் போன காலம் என் பாட்டியாரின் பேச்சில்தான் மிஞ்சியிருந்தது. திண்ணைகளை இடித்து முன்கூடம் கட்டிக்கொண்டோம். இன்று மாடியிலுள்ள அறையை ஒருநாள் இருநாளுக்கு வாடகைக்கு விடுகிறோம்.

என்னை அங்கே வரவழைத்தவள் என் சிற்றப்பாவின் மகள். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையொன்றில் பல ஆண்டுகள் வேலை பார்த்த அவளுடைய கணவர் காலமாகி மூன்றாண்டுகள் ஆகின்றன. மகன் பெங்களூரில் இருக்கிறான். மகள் திருமணமாகிக் கோவையில் இருக்கிறாள். கீழே அவளும், மாடியில் யாருமில்லாத ஓர் அறையுமாக வீடு கிடக்கிறது. "அண்ணா, மேலே இன்னும் ரெண்டு ரூம் எடுத்துட்டா, புள்ளைங்க கையை எதிர்பார்க்காம இருந்துடலாமுங்க. நகையை வெச்சுக் கொஞ்சம், மீதி பேங்க்குல கேக்கலாம்னு இருக்கேன். நீங்க ஒருதடவை வந்து பாத்துட்டுச் சொல்லுங்க" என்று தொலைபேசியில் கேட்டிருந்தாள். கைம்பெண்ணின் நகையும் வீட்டுப் பத்திரமும் சம்பந்தப்பட்ட காரியத்தில் வீட்டில் உட்கார்ந்தபடி 'ஆகட்டும்' என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. எனவே அவளைப் பார்ப்பதோடு, இந்தச் சமவெளியில் அறை விடுகிற சில வீடுகளையும் பார்த்து வருவதென்று புறப்பட்டேன்.

நாமக்கல்லுக்கு நடுநாயகமாக நிற்கிறது அந்த ஒற்றைப் பாறை. மேலே கோட்டை, பாறையைக் குடைந்து நரசிம்மர் கோவில், அதற்கெதிரே வெட்டவெளியில் கைகூப்பி நிற்கும் பதினெட்டு அடி உயர ஆஞ்சநேயர். 1997 சனவரியில் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானபின் ஊர் பெருத்துவிட்டது. ஆயினும் ஊரைப் பெருக்க வைத்தவை கோட்டையும் கோவிலும் அல்ல. லாரியும் முட்டையும் பள்ளிக்கூடமுமே அதைச் செய்தன.

பள்ளிக்கூடத்தின் கதையை முதலில் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் தொழிற்படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வு 2007 இல் நீக்கப்பட்டு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே மருத்துவத்திற்கும் பொறியியலுக்கும் வாயிலாயிற்று. நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரங்களின் விடுதிப் பள்ளிகள் அதற்கு முன்பே பெயர் பெற்றிருந்தன. அதன்பின் அவற்றின் புகழ் தமிழகமெங்கும் பரவியது. தென்கோடியிலிருந்தும் கடற்கரை ஊர்களிலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். விட்டவர்கள் சும்மா இருப்பார்களா? பிள்ளையைப் பார்க்க அனுமதிக்கப்பட்ட ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின இரவே தாயும் தந்தையும் பாத்திரத்தில் குழம்போடு வந்திறங்கினார்கள். ஊரிலிருந்த விடுதிகள் போதவில்லை. பள்ளிகளுக்கு அருகே வீடு வைத்திருந்தவர்கள் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். முதலில் இரக்கத்தால் கொடுத்தார்கள். பிறகு காசுக்குக் கொடுத்தார்கள். அதன்பின் கடன் வாங்கி மாடி கட்டிக் கொடுத்தார்கள்.

2017 இல் மருத்துவப் படிப்புக்கு நீட் தேர்வு தமிழகத்திற்கும் வந்தது. மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தையும் அதே ஆண்டு அரசு நிறுத்திவிட்டது. மருத்துவக் கனவோடு மதிப்பெண்ணுக்காக இவ்வூர்ப் பள்ளிகளைத் தேடி வந்தவர்களுக்கு, வந்த காரணமே மாறிப்போயிற்று. நாமக்கல் சோர்ந்து உட்காரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பயிற்சி மையங்கள் தோன்றின. ஒருமுறை எழுதித் தவறிய மாணவர்கள் ஓராண்டு தங்கிப் படிக்க வந்தார்கள். எனினும் அவர்களுக்குத் தேவைப்பட்டது ஆண்டு முழுதும் சோறும் கட்டிலும் தரும் விடுதி. சனிக்கிழமை இரவுக்கென்று கட்டப்பட்ட மாடியறை அவர்களுக்கு உதவாது. பள்ளிச் சாலையில் ஒரு வீட்டுக்காரர், நான்கு அறைகளை மாணவர் விடுதியாக மாற்ற முயன்று, சமையற்காரர் கிடைக்காமல் விட்டுவிட்டதாகச் சொன்னார். இப்போது அவற்றில் இரண்டில் மாத வாடகைக்குக் குடும்பங்கள் இருக்கின்றன; மூன்றாவதில் கோழித்தீவன மூட்டைகள் அடுக்கியிருக்கின்றன. நான்காவது ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்கிறது.

லாரிக் கதையும் இதுபோன்றதே. புதிதாக வாங்கிய லாரியின் சேசிஸ் மட்டும் இங்கே வரும். மரமும் தகடும் கொண்டு அதற்குப் பாடி கட்டுவது நாமக்கல் பட்டறைகளின் கைவேலை. வேலை முடிய நாட்கள் பிடிக்கும். வெளியூரிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வண்டியோடு வந்தவர், பட்டறைக்காரரைப் பக்கத்தில் நின்று முடுக்கினால்தான் வேலை நடக்கும் என்று எண்ணி இங்கேயே தங்குவார். என் தங்கையின் கணவரே அப்படி வந்த ஒருவரைத் தம் வீட்டு மாடியில் தங்க வைத்ததுண்டு. தமிழ் ஒரு சொல்லும் அறியாத அந்த மனிதர் பத்து நாட்கள் இருந்தார் என்றும், புறப்படும்போது பிள்ளைகளுக்கு இனிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டுக் கண்கலங்கினார் என்றும் அவள் சொன்னாள். அந்த ஒரு நினைவுதான் அவளுடைய திட்டத்திற்கே வித்து என்று எனக்குப் பட்டது. ஆனால் அந்தப் பட்டறைக்காரர் இன்று இல்லை. முழுதும் கட்டி முடித்தே தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் லாரிகளும் இப்போது ஓடுகின்றன.

இன்னொன்றையும் நேரில் கண்டேன். நாமக்கல் பேருந்து நிலையம் ஊர் நடுவிலிருந்து 2024 இல் முதலைப்பட்டிப் புறவழிச்சாலைக்குப் போய்விட்டது. பழைய நிலையத்தைச் சுற்றிப் பெட்டியும் கையுமாக இறங்கியவர்களை நம்பியிருந்த அறைகளுக்கு அதனால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. சேலத்துக்கும் கரூருக்கும் இடையே நாமக்கல் வழியாக 2013 இல் இரயில் ஓடத் தொடங்கியது. நான்குவழிச் சாலையும் வந்துவிட்டது. காலையில் வந்து மாலையில் திரும்புவது எளிதாயிற்று. பயணம் எளிதாக ஆக, இடைவழியில் இரவு தங்குவோர் குறைகிறார்கள். அதே நேரத்தில் 2022 இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி, நோயாளிகளின் உறவினரைப் புதிதாக இவ்வூருக்குக் கொண்டுவருகிறது. ஒரு கதவு மூட இன்னொரு கதவு திறக்கிறது. ஆனால் அது நம் தெருவில் திறக்குமா என்பதை யாரும் நம்மைக் கேட்டுத் தீர்மானிப்பதில்லை.

தங்கையின் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். இரண்டு அறைகள், குளியலறையுடன், எட்டு இலட்சம் ஆகும் என்று கொத்தனார் சொல்லியிருந்தார். அவ்வளவையும் நூற்றுக்குப் பத்து வட்டியில் ஏழாண்டுக் கடனாக வைத்துப் பார்த்தால், மாதத் தவணை ஏறத்தாழ 13,280 ரூபாய். ஓர் இரவுக்கு அறை வாடகை 700 ரூபாய் என்று வைத்தோம். விரிப்பு துவைக்க, சோப்பு, மின்சாரம், தண்ணீர், காலைத் தேநீர் என்று 150 போகும். கைப்பேசி வழியே ஆள் அனுப்பும் நிறுவனம் நூற்றுக்குப் பதினைந்து எடுத்துக்கொண்டால் அதில் 105 போகும். மிஞ்சுவது 445. தவணையை மட்டும் அடைக்க மாதம் முப்பது இரவுகள், அதாவது ஒவ்வோர் அறைக்கும் பதினைந்து இரவுகள் ஆள் வர வேண்டும். ஆண்டின் பன்னிரண்டு மாதமும், தேர்வு முடிந்து பள்ளிகள் மூடிக் கிடக்கும் மாதங்களிலும், அப்படி வர வேண்டும். அப்படி வந்தாலும் ஏழாண்டுகளுக்கு அவள் கையில் ஒரு காசும் நிற்காது. நாளும் விரிப்பு துவைப்பது மட்டும் நிற்கும்.

"அப்போ மேலே இருக்கிற அந்த ஒரு ரூமு?" என்றாள்.

அதற்கும் போட்டோம். அந்த அறை இருக்கிறது, கடனில்லை. தெரிந்தவர்கள் சொல்லி அனுப்பும் ஆட்கள் மாதம் எட்டு இரவு வந்தால், கழிவு போகத் தலைக்கு 550 வீதம் 4,400 ரூபாய். மாத வாடகைக்கு ஒரு குடும்பத்தை வைத்தால் அவள் தெருவில் நான்காயிரம் கிடைக்கும். இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை. மாதக் குடித்தனக்காரர் விரிப்பு கேட்க மாட்டார். நள்ளிரவில் கதவைத் தட்டவும் மாட்டார். ஆனால் மகனோ மகளோ விடுமுறைக்கு வரும்போது குடித்தனக்காரரை எழுப்பிவிட முடியாது. நாள் விருந்தினரை 'இந்த வாரம் இடமில்லை' என்று சொல்லிவிடலாம். இந்த உரிமைக்கு அவள் மனத்தில் ஒரு விலை இருந்தது. அதை நான் தாளில் எழுதவில்லை.

மறுநாள் சேலம் திரும்பினேன். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் சிறிது நேரம் நடந்தால் போதும். தங்குமிடம் என்பது கேளிக்கையன்று, தேவை என்பது தெரிந்துவிடும். தருமபுரியிலிருந்தும் கள்ளக்குறிச்சியிலிருந்தும் வந்தவர்கள் நடைபாதையில் தூக்குப்பாத்திரத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். நோயாளிக்குக் கட்டில் உண்டு. உடன் வந்தவருக்கு மரத்தடி. இங்கிருந்து சற்றுத் தொலைவில் ஓய்வுபெற்ற தம்பதியர் இருவர் தம் வீட்டின் பக்கவாட்டு அறையொன்றைப் பதினோரு ஆண்டுகளாக இப்படி வருவோருக்கே விடுகிறார்கள். அறையில் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு வைத்திருந்தார்களாம். இப்போது சிறிய எரிவாயு அடுப்பு. கஞ்சி வைத்து எடுத்துப்போக அதுவே பெரிய உதவி. பலகை கிடையாது, கைப்பேசி நிறுவனமும் கிடையாது. வந்தவர் அடுத்தவரிடம் சொல்ல, அவர் இன்னொருவரிடம் சொல்ல ஆள் வருகிறது. "லாபமுன்னு பெரிசா இல்லீங்க, ஆனா மருந்துச் செலவுக்கு ஆகுது" என்றார் அந்த அம்மையார். நான் பார்த்த வீடுகளில் பத்தாண்டுகளைத் தாண்டி நின்றது இது ஒன்றுதான்.

வேலூரை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. 1900 இல் ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய கிறித்தவ மருத்துவமனையைச் சுற்றி, வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் நோயாளிகளுக்கென்றே சமையலறையோடு கூடிய அறைகள் தெருத்தெருவாக உண்டு. கடைப்பலகைகளில் வங்க எழுத்தைக் காணலாம். சந்தையில் அவர்கள் விரும்பும் மீனும் கிடைக்கும். தலைமுறைகளாக நிலைத்த தொழில் அது. ஆயினும் அண்மை ஆண்டுகளில் இராணிப்பேட்டைப் பக்கம் புதிய வளாகம் எழுந்து, மருத்துவப் பிரிவுகள் சில அங்கே சென்றபோது, அந்தத் தெருக்களும் கலங்கவே செய்தன. வேளாங்கண்ணியிலோ காரணம் இடம்பெயராது. ஆகஸ்டு 29 இல் கொடியேறி செப்டம்பர் 8 இல் நிறைவுறும் திருவிழா நாட்களில், சேலத்திலிருந்து நடந்தே செல்லும் நம் மக்கள் உட்பட எண்ணற்றோர் வந்து குவிகிறார்கள். ஆனால் ஆண்டின் நீண்ட நாட்களில் அங்கும் பல அறைகள் காலியாகவே இருக்கும். திருச்செங்கோட்டு வைகாசித் தேரும் அத்தகையதே. பத்து நாள் கூட்டத்தை நம்பி ஆண்டு முழுதும் தவணை கட்ட முடியுமா?

சேலத்தைப் பற்றி எழுதும்போது ஏற்காட்டை விட்டுவிட்டால் வாசகர்கள் கோபிப்பார்கள். சமவெளியில் உள்ளவர்கள் பலர் 'மலையில் ஒரு வீடு வாங்கி விருந்தினருக்கு விட்டால்' என்று கனவு காண்பதால் அங்கும் ஏறினேன். வழியில் மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட திரைப்படங்கள் உருவான அந்த வளாகத்தில் பணியாற்ற வந்த கலைஞர்களும் தொழிலாளரும் ஒருகாலத்தில் சேலத்து வீடுகளில் குடியிருந்தார்கள். படப்பிடிப்பு நின்றபோது அவர்களும் போய்விட்டார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் பேருந்து நின்றதும் குளிர் முகத்தில் படுகிறது. 1820 களில் சேலம் மாவட்ட ஆட்சியராயிருந்த காக்பர்ன் இம்மலையில் காப்பிப் பயிரைப் பரவச் செய்தார். மிளகுக் கொடி படர்ந்த மரநிழலில் இன்றும் அது விளைகிறது. 1917 இல் தொடங்கிய மான்ட்போர்ட் பள்ளிக்குப் பிள்ளைகளைக் காண வரும் பெற்றோரே இம்மலையின் பழைய விருந்தினர் எனலாம்.

இப்போது வருவோர் வேறு. வெள்ளிக்கிழமை மாலை வந்து ஞாயிறு மாலை இறங்கிவிடுகிறார்கள். மே மாதத்துக் கோடை விழாவில் ஓர் அறை கிடைப்பது அரிது; மழைக்காலத்துச் செவ்வாய்க்கிழமையில் நூறு அறைகளிலும் விளக்கெரியாது. 2024 டிசம்பர்த் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழையால் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்துத் தடைபட்டபோது, வருவதாயிருந்தவர்களும் வரவில்லை. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே முதல் இணைய அனுமதிச் சீட்டு வேண்டும். ஏற்காட்டிற்கு அந்தக் கட்டுப்பாடு விதிக்கப்படாததால் இங்கே கூட்டம் கூடும் என்று மகிழ்கிறவர்களைக் கண்டேன். மலைக்குத் தாங்கும் அளவு ஒன்று உண்டு. அந்த ஆணை அதற்காகத்தான் பிறந்தது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதாகத் தெரியவில்லை. ஏரியைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு அன்றே இறங்கிவிட்டேன்.

உலகத்தின் வேறு கோடிகளில் இந்தத் தொழில் எங்கே போய் நிற்கிறது என்பதையும் ஒரு வார்த்தை சொல்லலாம். 2007 இல் சான்பிரான்சிஸ்கோ நகரில் வாடகை கட்ட முடியாத இரு இளைஞர்கள், தம் வீட்டுக் கூடத்தில் காற்றடைத்த மெத்தைகளை விரித்து மாநாட்டுக்கு வந்தவர்களைத் தங்க வைத்தார்கள். அதிலிருந்து பிறந்ததே ஏர்பிஎன்பி நிறுவனம். கூடத்தில் ஒரு மெத்தை என்று தொடங்கியது, நாளடைவில் வீட்டுக்காரரே வசிக்காத வீடுகளை முழுதுமாக நாள் வாடகைக்கு விடுவதாக வளர்ந்தது. உள்ளூர்க் குடும்பங்களுக்குக் குடியிருக்க வீடு கிடைக்கவில்லை. நியூயார்க் நகரம் 2023 செப்டம்பர் முதல், முப்பது நாளுக்குக் குறைவாகத் தங்குவோரை ஏற்கும் வீட்டுக்காரர் பதிவு செய்துகொண்டு, தாமும் அவ்வீட்டிலேயே இருக்க வேண்டும் என்றும், இரண்டு விருந்தினருக்கு மேல் கூடாது என்றும் நடைமுறைப்படுத்தியது. பார்சிலோனா நகர நிருவாகம் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சுற்றுலாக் குடியிருப்புகளின் உரிமங்களை 2028 நவம்பருக்குமேல் புதுப்பிப்பதில்லை என்று 2024 இல் அறிவித்தது. ஆக, வீட்டில் வீட்டுக்காரர் இருக்க வேண்டும் என்ற பழைய நியதிக்கே நியூயார்க் திரும்பியிருக்கிறது. நம் மத்திய அரசின் 'படுக்கையும் காலை உணவும்' திட்டத்திலும் உரிமையாளர் குடும்பத்தோடு அங்கேயே வாழ வேண்டும். அறைகள் ஆறுக்கு மேற்படக் கூடாது.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வழிப்போக்கர் தங்குமிடங்களுக்கென 1867 இலேயே சராய்ச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அவ்விடங்களைப் பதிவு செய்ய வேண்டும், துப்புரவாக வைத்திருக்க வேண்டும், கட்டணப் பட்டியலைக் கண்ணில் படும்படி தொங்கவிட வேண்டும் என்றெல்லாம் அது விதித்தது. நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் இவற்றைவிட நல்ல அறிவுரை எனக்குத் தோன்றவில்லை. வருவோரின் அடையாளச் சான்றைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுதல், அயல்நாட்டவர் வந்தால் இருபத்துநான்கு மணி நேரத்திற்குள் அரசுக்குத் தெரிவித்தல், உள்ளாட்சி அலுவலகத்திலும் மின்வாரியத்திலும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுதல் ஆகியவற்றைச் செய்யாமல் 'நம் வீடுதானே' என்றிருப்பது ஆபத்து. வயதுவந்த பெண்பிள்ளைகள் உள்ள வீடுகளில், மாடிக்குப் படிக்கட்டு வெளியே இருக்கிறதா என்பதுதான் முதற்கேள்வி. மற்றவை அதற்குப் பின்னர்தான்.

2020 மார்ச்சு ஊரடங்கை நினைத்தால் இன்னும் நெஞ்சு படபடக்கிறது என்றார் இராசிபுரத்தில் ஒருவர். ஒரே நாளில் கதவடைத்தாயிற்று. வட்டி மட்டும் கதவடைக்கவில்லை. முன்பணம் கட்டியவர்கள் திரும்பக் கேட்டார்கள். ஆள் அனுப்பி வந்த நிறுவனம் தொலைபேசியையே எடுக்கவில்லையாம். அவர் மனைவியின் வளையல்கள் அப்போது போனவை இன்னும் திரும்பவில்லை. அதே தெருவில் கடனில்லாமல் ஓர் அறை வைத்திருந்த மூதாட்டிக்கு வருமானம் நின்றது, வேறொன்றும் நேரவில்லை.

அதே இராசிபுரத்து வீட்டில் மனத்தைக் குத்திய வேறொன்றையும் கேட்டேன். அறை கேட்டு வந்த ஓர் இளந்தம்பதியரிடம் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டார், ஊரைக் கேட்டார், பிறகு "என்ன ஆளுங்க?" என்றார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சொன்னார்கள். அறை ஏற்கெனவே பேசப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது. சற்றுமுன்தான் அந்த அறை காலி என்று என்னிடம் சொல்லியிருந்தார். அவர் கோவிலுக்குத் தவறாது வருகிறவர். பங்குப் பேரவையிலும் இருக்கிறவர். நான் அங்கே ஒன்றும் பேசாமல் தேநீரைக் குடித்துவிட்டு வந்தது எனக்கே வெட்கம். பேருந்தில் வரும்போது அந்தப் பெண்ணின் கையிலிருந்த குழந்தையின் முகம் கண்முன் நின்றது. சத்திரத்தில் இடமில்லை என்ற விடையை ஒவ்வொரு டிசம்பரிலும் குடில் கட்டி நினைவுகூர்கிறவர்கள் நாம்.

நம் மறைநூலிலும் ஒரு மாடியறை உண்டு. இறைவாக்கினர் எலிசா அடிக்கடி தம் ஊர் வழியே செல்வதைக் கண்ட சூனேம் ஊர்ப் பெண்மணி, கணவனிடம் சொல்லி மேல்மாடியில் சிறிய அறையொன்று கட்டுவித்தாள். உள்ளே வைத்த பொருள்கள் நான்கே: ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு விளக்குத் தண்டு. அவள் வாடகை வாங்கவில்லை என்பது உண்மை. என்றாலும் அவள் செய்ததில் நல்ல கணக்கும் இருக்கிறது. திரும்பத் திரும்ப வருகிற ஒருவருக்காகக் கட்டினாள். தன்னிடம் இருந்த செல்வத்துக்குள் கட்டினாள். தேவைக்கு மேல் ஒரு பொருளும் வைக்கவில்லை. நம் முன்னோர் ஆசீர்வாதப்பர் என்றழைத்த புனித பெனடிக்ட், ஆறாம் நூற்றாண்டில் தம் மடத்திற்கு வகுத்த ஒழுங்கில் விருந்தினரைக் கிறிஸ்துவாகவே ஏற்கச் சொன்னார். அதோடு நிற்கவில்லை. நேரங்கெட்ட நேரத்தில் வரும் விருந்தினரால் மடத்தாரின் அமைதி குலையாதபடி தனிச் சமையலறை வைக்கச் சொன்னார். விருந்தினர் இல்லத்தைக் கவனிக்க ஒரு துறவியைத் தனியே அமர்த்தச் சொன்னார். விருந்தோம்பலில் உடலுழைப்பு எவ்வளவு என்பதை அறிந்தவர் அவர். நம் வீடுகளிலோ இந்த உழைப்பு முழுதும் பெண்களின் தலையிலேயே விழுகிறது; எந்தக் கணக்கிலும் அது எழுதப்படுவதில்லை. என் தங்கைக்கு வயது ஐம்பத்தெட்டு. முழங்கால் வலி இருக்கிறது. மாடிப்படிகள் பதினெட்டு.

இவ்வளவையும் பார்த்தபின் மீண்டும் நாமக்கல் சென்று அவளிடம் சொன்னேன். நகையைத் தொடவேண்டாம், கடனும் வேண்டாம், இருக்கிற அறைக்கு வெள்ளையடித்து, குளியலறைக் கதவை மாற்றி, ஓராண்டு விட்டுப் பார், ஒவ்வோர் இரவையும் எழுதி வை, கணக்கு நன்றாயிருந்தால் அப்போது பேசலாம் என்றேன். அவள் முகம் சற்று வாடியது. இரண்டு அறைகளையும் மனத்தில் கட்டி முடித்து, சன்னல் திரைச்சீலைக்கு நிறம்கூடத் தெரிந்தெடுத்திருந்தாள் போலும். "மகன்கிட்டக் கேக்கவே கூடாதுன்னு நெனச்சேங்கண்ணா" என்றாள். ஒரு பிள்ளையிடம் மாதம் இரண்டாயிரம் கேட்பதில் என்ன குறை என்று நான் கேட்டதற்கு அவள் விடை சொல்லவில்லை. அந்த ஒன்றில் என் கருத்தை அவள் ஏற்றுக்கொண்டாளா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

அன்று மாலையே ஒருவர் வந்தார். அரசு மருத்துவமனையில் மருமகளைப் பிரசவத்திற்குச் சேர்த்திருந்த ஒரு தாய், கொல்லிமலை அடிவாரத்துக்காரர். பங்குக்கோவில் உபதேசியார் சொல்லி அனுப்பியிருந்தார். தங்கை அவரிடம் ஊரைக் கேட்டாள், சாப்பிட்டாயிற்றா என்று கேட்டாள், வேறொன்றும் கேட்கவில்லை. மேலே ஏறி விரிப்பை உதறிப் போட்டுவிட்டு, ஒரு செம்பு தண்ணீரும் வைத்துவிட்டு வந்தாள். பிறகு மகளின் பழைய பள்ளிக் குறிப்பேட்டில் முதற்பக்கத்தைத் திருப்பி, தேதி எழுதி, என்னிடம் நீட்டினாள். "அறுநூறு போடட்டுமாண்ணா, ஐந்நூறு போடட்டுமா?"